பம்பைக் கழட்டும் முன்னே டேங்கைத் திறந்து பாருங்க

"பம்பு போச்சுங்க. கழட்டி அனுப்பணும்."

பழைய டீசல் ஜீப்பை நம்பி மலையில் பாடுபடும் உழவர் எவருக்கும் இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். பம்பைக் கழட்டி, கீழே நகரத்தில் இருக்கும் பம்பு கடைக்கு அனுப்பி, அங்கே சோதனை மேடையில் ஏற்றி, திரும்பி வந்து பூட்டுவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். வெட்டிய வாழைத்தார் பத்து நாள் காத்திருக்காது. பறித்த பட்டர் ஃப்ரூட்டும் காத்திருக்காது. செலவுக் கணக்கோ அந்தப் போகத்து மிளகுப் பணத்தைத் தொட்டுவிடும்.

கொடைக்கானல் கீழ்மலையில் எங்கள் குழுவில் 11 குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஜீப்பு. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத எஞ்சின். தார்ச்சாலைக்கு வர 7 கிலோமீட்டர் மண்பாதை. வாழை, காப்பி, மிளகு, சவ்சவ், அவரை எல்லாம் அதில்தான் இறங்க வேண்டும். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தாலும், பிரசவ வலி கண்டாலும் அதே வண்டிதான்.

நம் நாட்டு மலைப்பாதைகளுக்கும் ஜீப்புக்கும் பழைய உறவு. வில்லிஸ் ஜீப்பை 1947-இல் மகிந்திரா நிறுவனம் மும்பையில் பூட்டத் தொடங்கியது. அதன் வழி வந்த வண்டிகளும் அதைப் போன்ற மற்ற நிறுவன வண்டிகளும் இன்றும் தோட்டங்களில் உழைக்கின்றன. இவற்றின் பெரிய நன்மை, ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் கோளாறை நாமே கண்டுபிடிக்கலாம் என்பது. இந்தக் கட்டுரை அதற்குத்தான். மெக்கானிக்கின் வேலையைப் பறிப்பதற்கு இல்லை. அவரிடம் போகும்போது எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துகொண்டு போவதற்கு.

இலை மஞ்சளானால் உடனே கடைக்கு ஓடி மூட்டை வாங்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். வேரைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்க்கிறோம், தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கிறோம். வண்டிக்கும் இதே கண்தான் வேண்டும். கோளாறு தெரிகிற இடம் பம்பாக இருக்கலாம். அது பிறக்கிற இடம் பெரும்பாலும் பம்புக்கு முன்னால்தான்.

டீசல் போகிற பாதை

முதலில் பாதையை மனசில் பதிய வையுங்கள். டேங்குக்குள் ஒரு உறிஞ்சு குழாய், அதன் அடியில் ஒரு சல்லடை. அங்கிருந்து சேசிஸ் ஓரமாக இரும்புக் குழாய், நடுநடுவே ரப்பர் ஹோஸ். வழியில் தண்ணீரும் கசடும் தங்குவதற்கு ஒரு கிண்ணம், சில வண்டிகளில் மட்டும். அதன் பிறகு ஃபீட் பம்பு. நான் இதைச் சின்ன பம்பு என்றே சொல்கிறேன். அது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஒன்று அல்லது இரண்டு ஃபில்டர் வழியாகப் பெரிய பம்புக்குத் தள்ளுகிறது. பெரிய பம்பு அதை அளந்து, மிகுந்த அழுத்தத்தில், தடித்த இரும்புக் குழாய் வழியாக நாசிலுக்கு அனுப்புகிறது. மிச்சம் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்கே திரும்பிவிடும்.

இதில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. டேங்கு முதல் சின்ன பம்பு வரை உறிஞ்சுகிற பக்கம். சின்ன பம்புக்குப் பிறகு தள்ளுகிற பக்கம். தள்ளுகிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் ஒழுகும், ஈரம் கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராமல் போகலாம். காற்று உள்ளே போகும். "எங்கேயும் ஒழுகல, அப்போ பம்புதான்" என்கிற முடிவு பல வண்டிகளில் தப்பாகப் போவது இதனால்தான்.

வண்டி என்ன சொல்கிறது?

மாட்டுக்கு நோய் வந்தால் சாணியைப் பார்க்கிறோம், அசை போடுகிறதா என்று பார்க்கிறோம். வண்டிக்கும் அப்படிச் சில அறிகுறிகள் உண்டு.

காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் பிடிக்கிறது, ஆனபிறகு நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது என்றால், ராத்திரி குழாயில் நின்ற டீசல் பின்வாங்கி டேங்குக்கே இறங்கியிருக்கிறது. எங்கோ சிறிதாகக் காற்று நுழைகிறது, அல்லது சின்ன பம்பில் டீசலைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வில் தூசி சிக்கியிருக்கிறது.

நன்றாகக் கிளம்பி, கால் மணி நேரம் ஓடி, மூச்சு முட்டி நிற்கிறது. பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறது என்றால் டேங்கைச் சந்தேகப்படுங்கள். மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. உறிஞ்சு குழாயின் சல்லடையில் கசடு ஒட்டினாலும் இப்படித்தான். வண்டி நின்றதும் கசடு விலகும், ஓடினால் மறுபடி ஒட்டும்.

சமதளத்தில் சரியாக ஓடுகிறது, ஏற்றத்தில் சுமையோடு போனால் மட்டும் இழுவை இல்லை என்றால் ஃபில்டர் அடைப்பு, சின்ன பம்பின் பலவீனம், கொஞ்சம் காற்று, மூன்றில் ஒன்று. டேங்கில் கால்பங்கு டீசல் இருக்கும்போது மட்டும் இது வந்தால், ஏற்றத்தில் டீசல் ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியில் டேங்கு எங்கே, குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே வரவில்லையென்றால் டீசல் நாசில் வரைக்கும் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. குளிர், டைமிங், கம்ப்ரஷன் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு பார்வையே பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

பம்பு மேல் விழும் வீண் பழி

இழுவை இல்லை என்றதும் டீசல் பக்கம் பாய்வதற்கு முன் நாலு விஷயம் பாருங்கள்.

ஒன்று, ஏர் ஃபில்டர். எண்ணெய்த் தொட்டி வகை ஃபில்டரில் எண்ணெய் சேறாகிப் போயிருந்தால் எஞ்சினுக்கு மூச்சு வராது. கறுப்புப் புகை வரும். கறுப்புப் புகை என்றால் டீசலின் அளவுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். நாசில் கெட்டிருந்தாலும் வரும்.

இரண்டு, உயரம். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 சதவீதம் வலுவை இழக்கும். 1,300 மீட்டர் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். கீழே இழுத்த சுமையை மேலே அதே கியரில் இழுக்கவில்லை என்பது நோய் ஆகாது.

மூன்று, பிரேக்கும் கிளட்ச்சும். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. எஞ்சின் சத்தம் ஏறி வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

நான்கு, ஃபோர் வீல் லிவர். மண்பாதையில் போட்டதை எடுக்காமல் காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். இந்தப் பழைய வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் வண்டி கட்டிப் போட்ட மாதிரி இறுகும். புதிதாக ஓட்டும் பையன்கள் "வண்டி இழுக்கல" என்று வந்து நிற்பதில் இதுவும் ஒன்று.

இந்த நாலும் சரியாக இருந்தால் டீசல் பாதைக்கு வரலாம்.

கேன் சோதனை

போன ஐப்பசியில் எங்கள் ஜீப்பு மேட்டில் திக்கத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு தினமும். காலையில் எழுப்ப பேட்டரி பாதி தீர்ந்துவிடும். கடைசியில் 60 தார் ஏற்றிய நடையில் பாதி மேட்டில் நின்றுபோனது. நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டியபோது செல்ஃப் அடித்துக் கேட்டுவிட்டு, "பெரிய பம்பு போயிருச்சு, எல்லாம் சேத்து 18,000 ஆகும்" என்றார்கள். குழுக் கையிருப்பில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. ஒரு அக்கா தோட்டைக் கழட்டித் தருகிறேன் என்று எழுந்துவிட்டார்.

எங்கள் ஊருக்குக் கீழே டிராக்டர் வேலை பார்க்கும் மாமா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனில் சொன்னேன். "மாப்ள, தோடு காதுலயே இருக்கட்டும். டேங்கை ஒதுக்கிட்டு ஒருக்கா ஓட்டிப் பாரு" என்றார். அவர் சொன்ன சோதனை இதுதான்.

சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் எடுத்துக்கொள்ளுங்கள். பானட்டுக்குள் சின்ன பம்பைவிட உயரமான இடத்தில், ஆடாமல், சைலன்சர் குழாய்க்கும் ஃபேனுக்கும் எட்டாமல் கட்டி வையுங்கள். சின்ன பம்புக்குள் வரும் குழாயைக் கழட்டி, அதற்குப் பதிலாகக் கேனிலிருந்து ஒரு புது ஹோஸைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடட்டும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சிறு மேடு ஒன்றை மெதுவாக ஏற்றிப் பாருங்கள்.

வண்டி நன்றாக ஓடினால் பெரிய பம்புக்குக் குற்றமில்லை. கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் சின்ன பம்புக்கும் நடுவே. அதே திக்கல் இருந்தால் சின்ன பம்பிலிருந்து முன்னோக்கித் தேட வேண்டும். தேட வேண்டிய இடம் ஒரே சோதனையில் பாதியாகிவிடும்.

எங்கள் வண்டி கேனில் ஓடிய கால் மணி நேரமும் ஒரு திக்கல் இல்லை. மேட்டையும் ஏறியது.

இந்தச் சோதனை டீசல் வண்டிக்கு மட்டும். பெட்ரோல் ஜீப்பில் சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் கேனைக் கட்டுவது உயிரோடு விளையாடுவது.

காற்று எங்கே நுழைகிறது?

அடுத்து, உறிஞ்சுகிற பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற ஹோஸ் மாட்டுங்கள். சின்ன பம்புக்கு மிக அருகில் மாட்டி எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் காற்று அதற்குப் பின்னால், டேங்குப் பக்கம் நுழைகிறது. பிறகு அதே துண்டை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். குமிழ் நின்றுபோகும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவேதான் ஓட்டை.

எங்கள் வண்டியில் அது கசடுக் கிண்ணத்துக்கு முன்னால் இருந்த ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், நகம் அளவு வெடிப்பாக இருந்தது. கிளிப்பைக் கழட்டி ஹோஸை வளைத்த பிறகுதான் கண்ணுக்கே தெரிந்தது. அந்த இடத்தில் ஈரம் சுத்தமாக இல்லை. டேங்கை இறக்கிப் பார்த்ததில் சல்லடையிலும் கறுப்பாகக் கொழகொழவென்று படிந்திருந்தது. சல்லடை பாதி அடைத்ததால் பம்பு பலமாக உறிஞ்சியிருக்கிறது, அந்த உறிஞ்சலில் வெடிப்பு வழியே காற்று போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வண்டியை நிறுத்தியது.

ஹோஸ், நாலு கிளிப், ஒரு ஃபில்டர், செம்பு வாஷர் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. அக்காவின் தோடு காதிலேயே இருக்கிறது.

ஹோஸ் வாங்கும்போது டீசலுக்கென்று உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சொட்டுநீர்க் குழாயையோ, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயையோ வெட்டி மாட்டினால் டீசலில் ஊறி இளகி, உறிஞ்சும்போது உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தெரிகிற ஹோஸும் சோதனைக்கு மட்டுமே. வேலை முடிந்ததும் கழட்டிவிடுங்கள்.

சின்ன பம்பைச் சோதிப்பது

கேன் வைத்தும் திக்கினால் சின்ன பம்பைப் பார்க்க வேண்டும். பெரிய பம்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு, தலையில் திருகிக் கழட்டும் கைப்பிடியோடு இருந்தால் பிளஞ்சர் வகை. எஞ்சின் பக்கவாட்டில் தட்டையாக, சுற்றிலும் ஸ்குரூ போட்ட மூடியும் ஒரு சிறு லிவரும் இருந்தால் டயாப்ரம் வகை.

முதலில் கையால் அடித்துப் பாருங்கள். சில அடிகளில் கை கனக்க வேண்டும். எவ்வளவு அடித்தாலும் காற்றாகவே போனால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது காற்று இழுக்கிறது. டயாப்ரம் வகையில் லிவர் அசைவே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கேம் மேட்டில் நிற்கலாம். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள்.

அடுத்து, சின்ன பம்பிலிருந்து வெளியே போகும் குழாயைக் கழட்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். டீசல் பீய்ச்சிப் பீய்ச்சி, விட்டுவிட்டு, வலுவாக வர வேண்டும். சும்மா வழிந்தால் பம்பு பலவீனம். இதே பாட்டில் டீசலை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம்தான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும்.

பலவீனம் என்று தெரிந்தாலும் உடனே புதுப் பம்பு வேண்டாம். சில பம்புகளில் உள்ளே வரும் போல்ட்டுக்குள்ளேயே ஒரு சிறு வலை இருக்கும். அதைக் கழட்டிக் கழுவுங்கள். வால்வு, ஸ்பிரிங், வாஷர், டயாப்ரம் என்று மாற்றுச் சாமான்கள் தனியாகவே கிடைக்கும். சின்ன பம்பு மொத்தமும் புதிதாக வாங்கினால்கூடப் பெரிய பம்பு வேலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

ஏர் எடுக்கும் வரிசை

குழாயைக் கழட்டி மாட்டிய பிறகு உள்ளே போன காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கிலிருந்து நாசிலை நோக்கி வரிசையாக வாருங்கள். முதல் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை கையால் அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். பிறகு இரண்டாவது ஃபில்டர். பிறகு பெரிய பம்பின் ஏர் ஸ்குரூ. அப்புறமும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் இரண்டு நாசிலின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி சுற்றி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள்.

பிளஞ்சர் வகையில் அடித்து முடித்ததும் கைப்பிடியைத் திருகி மூட வேண்டும். தளர்வாக விட்டால் அதன் வழியாகவே காற்று போகும். செம்பு வாஷரை முடிந்தவரை புதிதாகப் போடுங்கள். காட்டுக்குள் புதிது இல்லையென்றால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகும், மறுபடி நன்றாக அமரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாசில் குழாயில் அழுத்தம் நூறு மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே. ஒழுகுகிறதா என்று விரலால் தடவக் கூடாது. அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலைக்கு முன் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியரை நியூட்ரலில் போடுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம்.

பம்பே குற்றவாளியாக இருக்கும்போது

சில சமயம் பம்புதான் காரணம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஜீப்பில் எஞ்சின் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே வந்தது. "ஆயிலே ஊத்தாம ஓடுதுப்பா, ராசியான வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆயில் குச்சியை இழுத்து மோந்து பார்த்தேன். டீசல் வாடை. சின்ன பம்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் தண்ணீர் மாதிரி இளகினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். வண்டியை அங்கேயே நிறுத்தி, டயாப்ரம் மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் கிளப்பினோம். ஆயில் அளவு கூடுவது எப்போதும் நல்ல சகுனம் ஆகாது.

பெரிய பம்பு கெடுவதும் உண்டு. சின்ன பம்பு வலுவாகத் தள்ளுகிறது, ஃபில்டர் புதிது, காற்று இல்லை, ஸ்டாப் லிவர் முழுசாகத் திரும்புகிறது, ரிட்டர்ன் வால்வும் சரி. இத்தனைக்குப் பிறகும் நாசில் நட்டில் டீசல் வரவில்லையென்றால் அப்போது கழட்டலாம். ஆனால் அதன் சீலை உடைக்காதீர்கள், அளவு ஸ்குரூவைத் திருகாதீர்கள். உள்ளே இருக்கும் உருளைக்கும் அதன் உறைக்கும் நடுவே இடைவெளி சில மைக்ரான்தான், நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அது சோதனை மேடையில் வைத்துச் செய்யும் வேலை. கழட்டும் முன் பம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில்தான் டைமிங் இருக்கிறது.

டேங்குக்குள் வளரும் உயிர்

எங்கள் சல்லடையில் இருந்த கறுப்புக் கொழகொழப்பு வெறும் தூசி இல்லை. பாதி காலியான டேங்கில், ராத்திரிக் குளிரில் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் குடியேறும். அவை டீசலைத் தின்று, தண்ணீரில் வாழ்ந்து, வலை வலையாகப் படியும். மண்ணில் நமக்கு வேலை செய்யும் அதே வகை உயிர்கள்தான், இடம்தான் மாறிவிட்டது. தண்ணீரை எடுத்துவிட்டால் அவற்றுக்கு வாழ்வில்லை.

ஆகவே மழைக்காலத்தில் சாயங்காலமே டேங்கை நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் தண்ணீரும் குறையும். கேனில் வாங்கிய டீசலை ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு, நெருக்கமான சல்லடை வைத்த புனலில் ஊற்றுங்கள். பழைய வேட்டித் துணி வேண்டாம், அதன் நூல் பிரிந்து உள்ளே போகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கசடுக் கிண்ணத்தையும் ஃபில்டரின் அடித் திருகையும் திறந்து தண்ணீரை விடுங்கள். வருஷம் ஒருமுறை, பருவமழைக்கு முன், டேங்கை இறக்கிக் கழுவுங்கள்.

டீசலுக்குப் பதிலாகப் புன்னை எண்ணெய், புங்க எண்ணெய் ஊற்றிப் பார்க்கும் ஆசை நம் தோழர்களுக்கு உண்டு. நிலையாக நிற்கும் பம்புசெட் எஞ்சினில் செய்வதை மலை ஏறும் ஜீப்பில் அப்படியே செய்ய வேண்டாம். பதப்படுத்தாத எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. குளிரில் இன்னும் கெட்டியாகி ஃபில்டரை அடைக்கும், நாசிலில் கரி கட்டும்.

இன்னொன்று. இந்த வேலைகளில் டீசல் சிந்தும். கீழே தட்டு வையுங்கள். பத்து வருஷம் மண்புழு வளர்த்த நிலத்தில் ஒரு கிண்ணம் டீசலைக் கொட்டலாமா? வடித்த கசட்டை மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். டீசல் கேனையும் காப்பி, மிளகு மூட்டையையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள். இரண்டும் வாடையைச் சட்டென்று இழுக்கும். இயற்கை விளைச்சல் என்று நாம் கொடுக்கும் மூட்டையைத் திறந்ததும் டீசல் மணந்தால் நம் பேச்சை யார் நம்புவார்கள்?

சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி

எங்கள் ஜீப்பில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு ஃபில்டர், ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், ஆறு கிளிப், பல அளவில் செம்பு வாஷர், ஒரு சாண் உள்ளே தெரிகிற ஹோஸ், ஒரு கண்ணாடிப் பாட்டில், நாலு ஸ்பேனர், டார்ச், துணி. கூடவே ஒரு நோட்டு. என்ன தேதியில் என்ன மாற்றினோம், வண்டி எப்படித் திக்கியது, என்ன செய்தபோது சரியானது என்று எழுதி வைக்கிறோம். அடுத்த முறை தேடும் நேரம் அதனால் குறைகிறது.

குழுவில் எட்டுப் பேருக்கு ஏர் எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். இப்போது அதில் வேகமான கை, தோட்டைக் கழட்ட எழுந்த அந்த அக்காவுடையது. போன மாதம் நடுவழியில் நின்ற பால் வண்டிக்கும் அவர்தான் ஏர் எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் ஊர்க் குழுவிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பானட்டைத் திறந்து இந்தப் பாதையை ஆளுக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கேன் சோதனையை அன்றே ஒருமுறை செய்துவிடுங்கள். கெட்ட பிறகு மழையில் நின்றுகொண்டு கற்பதைவிட அது எவ்வளவோ மேல். பிறகு யாராவது "பம்பு போச்சு" என்றால், "டேங்கை ஒதுக்கிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்க உங்களுக்குத் தெரிந்திருக்கும்.